பொட்டு வைக்க ஓர் இடம்

தேவிப்ரியா என்ன படித்தாள் என்று அவளுடைய சொந்தக்காரர்களில் யாரைக் கேட்டாலும் "கம்ப்யூட்டர்" என்பார்கள். ஒருவர் மட்டும் "கோழிக்கு ஏதோ கோர்ஸுங்க" என்றார். அவள் படித்தது எம்.இ., சிஸ்டம்ஸ் இன்ஜினியரிங். நானும் அவளோடு அதையேதான் படித்தேன். என் வீட்டில் மட்டும் என்ன வாழ்கிறது, மாப்பிள்ளை பெனடிக்ட் மேட்டூரில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறார் என்று என் மாமியார் இன்றுவரை சேலம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் அங்கே ஒரு ரசாயன ஆலையில் பம்புகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.

இந்தப் படிப்பு என்னவென்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன், பிறகு தொந்தரவு செய்ய மாட்டேன். ஒரு கல்யாணத்தில் சமையல்காரர் கெட்டிக்காரர், பரிமாறுகிறவர்கள் சுறுசுறுப்பானவர்கள், மண்டபம் பெரிய மண்டபம், பஸ் ஏற்பாட்டிலும் குறையில்லை. ஆனால் இரண்டாவது பந்தியிலேயே சாம்பார் தீர்ந்துவிடும். தனித்தனியாக எல்லாம் சரி, சேர்த்தால் கோளாறு. அந்தச் சேர்க்கையில் எங்கே இடிக்கும் என்று முன்கூட்டியே உட்கார்ந்து யோசிப்பதுதான் சிஸ்டம்ஸ் இன்ஜினியரிங். யாருக்கு என்ன வேண்டும் என்று முதலில் கேட்க வேண்டும். கேட்டதை எழுத வேண்டும். எழுதியபடி செய்ய வேண்டும். செய்தது எழுதியபடி இருக்கிறதா என்று சோதித்துக் காட்ட வேண்டும். இதற்குப் போய் மூன்று வருஷமா என்று கேட்காதீர்கள், பகுதி நேரப் படிப்பு அப்படித்தான்.

கல்லூரி சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே நெடுஞ்சாலையை ஒட்டி இருந்தது. சனி, ஞாயிறு வகுப்பு. எனக்குப் பதவி உயர்வுக்கு எம்.இ. தேவைப்பட்டது, அதனால் சேர்ந்தேன். இதில் மறைக்க என்ன இருக்கிறது. முதல் நாள் வகுப்பில் கடைசி பெஞ்சில் பரம நிம்மதியாக உட்கார்ந்திருந்தபோது, "அண்ணா, இந்த எடத்துல ஆளிருக்குதுங்களா?" என்று ஒரு பெண் கேட்டாள். எடுத்த எடுப்பிலேயே அண்ணா என்று கூப்பிட்டுவிட்டதால் அவள் இவள் என்றே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ள மாட்டாள். பேனா எடுக்கக் கைப்பையைத் திறந்தாள். முதலில் டெஸ்டர் வந்தது, அப்புறம் இன்சுலேஷன் டேப் வந்தது, பேனா வரவேயில்லை. என் பேனாவைக் கொடுத்தேன். அது இன்னும் திரும்பவில்லை.

தேவியின் ஊர் புதுச்சத்திரம் பக்கம். பி.இ. கடைசிப் பருவத்தில் கல்யாணம் ஆகி, ரிசல்ட் புகுந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அங்கே கோழிப்பண்ணை. மாமனார் பெரியசாமியும் கணவர் கோகுல்ராஜும் தீவனம், முட்டை வியாபாரம் எல்லாம் பார்த்துக்கொண்டார்கள். மோட்டார், ஸ்டார்ட்டர், பம்பு என்று எது நின்றாலும் தேவியைக் கூப்பிட்டார்கள். இரண்டு குழந்தைகள் பிறந்து பள்ளிக்கூடம் போன பிறகும் அப்படியேதான் போய்க்கொண்டிருந்தது. பிறகு ஏன் இந்த வயதில் படிப்பு என்று ஒரு நாள் கேன்டீனில் கேட்டேன்.

"மிஷினு விக்க வாரவங்க எங்கிட்ட வந்து, ஊட்ல ஆம்பளைங்க யாரும் இல்லீங்களாங்கறாங்க. பண்ணையில பாதி மிஷினு நான் மாட்டுனதுங்கண்ணா."

"எம்.இ. படிச்சா கேக்காம இருப்பாங்களா?"

"கேப்பாங்க. ஆனா அப்ப எனக்குச் சிரிப்பு வருமில்லீங்க" என்றாள்.

எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. ஆனால் அவள் படித்ததைப் பார்த்தால் வெறும் சிரிப்புக்காகப் படிக்கிறவளாகத் தெரியவில்லை. பரீட்சைக்கு முதல் நாள் நான் ஜெராக்ஸ் தேடி அலையும்போது அவள் கேள்விகளைத் தானே எழுதிப் பதிலும் எழுதி வைத்திருப்பாள். கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருக்கும்.

ப்ராஜெக்ட்டுக்கு அவள் தன் பண்ணையையே எடுத்துக்கொண்டாள். அங்கே காற்றாடிகள் ஒரு கம்பெனி, கோழிக்கு மேலே தண்ணீர் தூவும் குழாய்கள் இன்னொரு கம்பெனி, முட்டையை உருட்டிக்கொண்டு வரும் பெல்ட் மூன்றாவது கம்பெனி, ஜெனரேட்டர் யாரோ பயன்படுத்திக் கழித்தது. கரண்ட் போனால் ஜெனரேட்டர் ஓடும். ஓடியதும் எல்லா மோட்டாரும் ஒரே சமயத்தில் இழுக்கும். ஜெனரேட்டர் மூச்சு முட்டி நின்றுவிடும். ஒரு சித்திரை மதியம் அப்படி நின்றதில் ஒரு வரிசைக் கோழி முழுவதும் சுருண்டுவிட்டது. அதைச் சொல்லும்போது தேவிக்குக் கண் கலங்கியது, நான் டீயைப் பார்த்துக்கொண்டேன்.

எல்லாவற்றையும் ஒரு கட்டுக்குள் கொண்டுவர அவள் ஒரு பெட்டி செய்தாள். கரண்ட் போனால் அந்தப் பெட்டி ஒவ்வொரு மோட்டாராக வரிசைப்படி எழுப்பும். சூடு ஏறினால் காற்றாடியையும் தண்ணீரையும் கூட்டும். பெல்ட்டில் வரும் முட்டைகளை எண்ணும். முட்டை திடீரென்று குறைந்தால் கோழிக்கு ஏதோ ஆபத்து என்று முடிவு செய்து, காற்றாடி, தண்ணீர் எல்லாவற்றையும் முழு வேகத்தில் திறந்துவிட்டு, வீட்டார் அத்தனை பேருக்கும் போன் போடும்.

எங்கள் வழிகாட்டி பூபதி சார் ஒரு விஷயத்தில் கறார். செய்வதற்கு முன்னால் சம்பந்தப்பட்ட எல்லாரையும் கேட்டு எழுத வேண்டும் என்பார். தேவி மாமனாரிடம் கேட்டாள். "கோழி நல்லாருக்கோணும், முட்டை கொறையக்கூடாது, கரண்டு பில்லு ஏறக்கூடாது. வேறென்ன சாமி, மழை பேஞ்சா நல்லாருக்கும்" என்றார் பெரியசாமி. அவள் மழையையும் சேர்த்து எழுதிவிட்டாள், பூபதி சார்தான் அடித்தார். கணவர் கோகுல்ராஜ், தூங்கும்போது போன் அடிக்கக் கூடாது என்றார். ஷெட்டில் முட்டை அடுக்கும் அத்தாயக்கா யோசித்து யோசித்து, "உக்கார ஒரு ஸ்டூல் வேணுமுங்க அம்மிணி" என்றார். மொத்த ப்ராஜெக்ட்டிலும் யாருடைய ஆட்சேபமும் இல்லாமல் முதலில் நிறைவேறியது அந்த ஸ்டூல்தான்.

கடைசியில் தேவி தன் பங்குக்கு ஒரு வரி சேர்த்தாள். சோதனைக் காலம் முழுக்கப் பெட்டி ஒருமுறைகூடப் பொய்யாக அபாய அறிவிப்பு செய்யக் கூடாது. பூபதி சார் அதைப் படித்துவிட்டு, "கொஞ்சம் தளர்த்தி எழுதும்மா, ஒண்ணு ரெண்டு தப்பு வரலாம்னு போடு" என்றார்.

"எங்க பக்கத்துல ஒரு பண்ணையில சீக்குன்னு பேச்சு வந்தாப் போதுங்க சார், அன்னிக்கே முட்டை வண்டி வராது. ஒருக்கா தப்பா அடிச்சாலும் அடிச்சதுதானுங்க" என்று சொல்லிவிட்டாள். அவள் கையால் எழுதிய அந்த வரிதான் பின்னால் அவள் கழுத்தைப் பிடித்தது.

நான் எப்படியோ முடித்துவிட்டேன். என் ப்ராஜெக்ட் பம்புகளைப் பற்றியது, அதை நானே இரண்டாம் தடவை படிக்க மாட்டேன். தேவியால் எங்களோடு முடிக்க முடியவில்லை. பையனுக்கு அம்மை போட்டது, பிறகு பண்ணையில் புது ஷெட் கட்டினார்கள், அப்புறம் மாமனாருக்கு முட்டி ஆபரேஷன். ஒவ்வொரு பருவமாகத் தள்ளித் தள்ளி, விதிப்படி அவளுக்கு மிச்சமிருந்தது ஒரே பருவம். அதிலும் இறுதி மதிப்பீட்டில் தேறாவிட்டால் பதிவு ரத்து. படித்தது, எழுதியது, தேறியது எல்லாம் கணக்கில் இல்லாமல் போய்விடும்.

"இன்னொருக்கா ஆரம்பத்துல இருந்து படிக்க என்னால ஆகாதுங்கண்ணா. ஊட்லயும் உட மாட்டாங்க. பொறுத்ததே பெருசு" என்று போனில் சொன்னாள். எனக்கு அவளைவிட அதிகமாகக் கவலை வந்துவிட்டது. பெட்டி பாட்டுக்கு நன்றாகவே வேலை செய்துகொண்டிருந்தது. சோதனைக் காலம் ஆயுத பூஜை வாரத்தோடு முடியும், அதற்கடுத்த வாரம் மதிப்பீடு.

ரிப்போர்ட்டுக்குப் படம் எடுத்துத் தர வேண்டும் என்று ஆயுத பூஜையன்று என்னைப் பண்ணைக்கு வரச் சொன்னாள். நான் ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவன்தான். ஆனால் எங்கள் ஆலையில் ஆயுத பூஜைப் பொரி வாங்க முதல் ஆளாய் நிற்பவனும் நான்தான். மகிழ்ச்சியாகப் போனேன்.

பண்ணையே குளித்து நின்றது. டிராக்டருக்கும் முட்டை வேனுக்கும் வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். தீவனம் அரைக்கும் மிஷின், ஜெனரேட்டர், எடைத் தராசு, கட்டிங் பிளேயர், தேவியின் டெஸ்டர் வரை எல்லாவற்றுக்கும் திருநீறு, சந்தனம், குங்குமம். அத்தாயக்கா சந்தனக் கிண்ணத்தோடு ஒன்று விடாமல் வைத்துக்கொண்டே வந்தார். பெட்டியின் முறை வந்ததும் தேவி கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள்.

"இதுக்கு மட்டும் நான் வைக்கறேனுங்கக்கா."

அந்தப் பெட்டி ஷெட்டின் முனையில் பெல்ட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கும். இந்தப் பக்கம் நின்றால் அது நம்மைப் பார்த்தபடி இருக்கும். நடுவில் முட்டைகள் போகும். தேவி முந்தானையால் பெட்டியைத் துடைத்தாள். மூன்று விரலால் திருநீறு பூசினாள். பெட்டியின் நட்டநடுவில் காசு அகலத்துக்கு ஒரு வட்டமான கறுப்புக் கண்ணாடி இருந்தது, அதன்மேல் குளிரக் குளிரச் சந்தனம் வைத்து, அதற்கு மேல் குங்குமம் வைத்தாள். ஓரடி பின்னால் நகர்ந்து தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"நல்லாருக்குதுங்களாண்ணா?"

"ஜம்முன்னு இருக்கு" என்று படம் எடுத்தேன். உண்மையிலேயே ஜம்மென்றுதான் இருந்தது. பெட்டியின் பக்கத்தில் அவளையும் நிற்க வைத்து இன்னொன்று எடுத்தேன். அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

அந்தக் கறுப்புக் கண்ணாடிதான் பெட்டியின் கண். அது வழியாகத்தான் அது முட்டைகளைப் பார்த்து எண்ணும்.

பூசணிக்காய் உடைத்து, சாப்பாடு முடிந்து, வெளியே தூறல் பிடித்துக்கொண்ட நேரம். வீட்டுக்குள் உறவுக்காரர்களும் முட்டை லாரி டிரைவர்களும் சுண்டல் தின்றபடி பேசிக்கொண்டிருந்தார்கள். பெல்ட் மதிய ஓட்டத்தைத் தொடங்கியிருக்க வேண்டும். பெரியசாமியின் போன் அடித்தது. கோகுல்ராஜின் போன் அடித்தது. தேவியின் போனும் அடித்தது. பெரியசாமி எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். "முட்டை வரத்து இல்லை. கோழிகளை உடனே கவனிக்கவும்" என்று தேவியின் குரல் பேசியது. அந்த அறிவிப்பை அவள்தான் பதிவு செய்து வைத்திருந்தாள்.

பெரியசாமி போனையும் எதிரே சுண்டல் தட்டோடு நின்ற மருமகளையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏஞ்சாமி, நீ இங்கதான நிக்கற?" என்றார்.

பிறகுதான் விஷயம் உறைத்தது. நேற்றுவரை இட்ட கோழி இன்றைக்கு அடியோடு நிறுத்தினால் அது சீக்கு என்று நாமக்கல்லில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். பெரியசாமி கால்நடை டாக்டரைக் கூப்பிட்டார். கோகுல்ராஜ் செருப்பைக்கூடப் போடாமல் ஓடினார். சுண்டலைக் கீழே வைத்துவிட்டுக் கிளம்பிய லாரி டிரைவர் ஒருவர் வாசல் தாண்டுவதற்குள் இரண்டு பேருக்குப் போன் போட்டுவிட்டார். நாங்கள் ஷெட்டை அடைவதற்குள் ஒரு வியாபாரி கோகுல்ராஜை அழைத்து, "உங்க பண்ணையில ஏதோ சீக்குங்களாமா?" என்று துக்கம் விசாரித்தார்.

ஷெட்டுக்குள் ஒரே புயல். காற்றாடிகள் எல்லாம் உறுமிக்கொண்டிருந்தன. தண்ணீர்க் குழாய்கள் முழுக்கத் திறந்து பொழிந்தன. அந்தத் தூறல் நாளில் கோழிகள் சொட்டச் சொட்ட நனைந்து, எங்களை ஏசுவதுபோல் கத்தின. நடுவே அத்தாயக்கா தலையில் தீவனச் சாக்கைப் போட்டுக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்து, வந்த முட்டைகளை அட்டையில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"முட்டை பாட்டுக்கு வந்துட்டே இருக்குதுங்க. இந்தத் தண்ணியத்தான் யாராச்சும் நிறுத்துங்க சாமி" என்றார்.

தேவி பெட்டிக்கு எதிரே போய் நின்றாள். அப்படியே நின்றாள். பிறகு பெல்ட்டைத் தாண்டிக் கையை நீட்டி, முந்தானையால் அந்தக் கண்ணாடியைத் துடைத்தாள். பெட்டியின் எண்கள் ஓடத் தொடங்கின. தண்ணீர் நின்றது. காற்றாடிகள் ஒவ்வொன்றாக அடங்கின.

கோகுல்ராஜுக்குக் கோபம் அத்தாயக்காவின் மேல் திரும்பியது. "ஏனுங்கக்கா, பூசறதுக்கு ஒரு அளவில்லீங்களா? பாத்து வைக்க மாட்டீங்களா?"

அத்தாயக்கா பேச வாயெடுத்தவர் தேவியைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

"அக்கா வைக்கலீங்க. நாந்தான் வச்சேன்" என்றாள் தேவி.

"நீயா?"

"நாந்தாங்க. போட்டோ கூட இருக்குது."

பெரியசாமி பெட்டியைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார். "கண்ணுலயே வச்சுட்டயா அம்மிணி" என்று சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தவர், முட்டி வலித்து அத்தாயக்காவின் ஸ்டூலில் உட்கார்ந்தும் நிறுத்தவில்லை. எல்லாருக்கும் சிரிப்பு தொற்றிக்கொண்டது. தேவி மட்டும் சிரிக்கவில்லை. டாக்டர் நனைந்துகொண்டே வந்து, நனைந்த கோழிகளைப் பார்த்து, ஒரு பை பொரியோடு திரும்பிப் போனார்.

சாயங்காலம் பூபதி சார் கூப்பிட்டார். சோதனைக்காக அவர் போனையும் பெட்டியில் சேர்த்திருந்ததால் அபாய அறிவிப்பு அவருக்கும் போயிருந்தது. நடந்ததைக் கேட்டுக்கொண்டு, "அந்த ஒரு நாளை எடுத்துரும்மா. பண்டிகை, பெட்டி ஓடலைன்னு போட்டுரு. நீயே எழுதின விதிப்படி ஒருமுறை தவறினாலும் தோல்வி. வெளியிலிருந்து வர்றவங்க அதைப் பிடிச்சா நான் காப்பாத்த முடியாது" என்றார்.

நானும் அதையேதான் சொன்னேன். ஊர் உலகத்தில் எத்தனை ரிப்போர்ட்டுகளில் எத்தனை நாட்கள் காணாமல் போகின்றன, அதில் இதுவும் ஒன்று.

"அன்னிக்குப் பெட்டி ஓடுச்சுங்களே சார்" என்றாள் அவள்.

"சரி, வேலையாள் தவறுன்னு எழுது. பெட்டி மேல குத்தம் வராது."

"வேலையாளு நாந்தானுங்களே."

பூபதி சார் நல்ல மனிதர், ஆனால் பொறுமைக்கும் எல்லை உண்டு. உன் இஷ்டம் என்று வைத்துவிட்டார். நான் சேலம் பஸ் ஏறும்வரை வாதாடிப் பார்த்தேன். பிடிவாதம் என்றால் அப்படியொரு பிடிவாதம். எனக்குக் கோபமே வந்தது.

அந்த வாரம் அவள் நாமக்கல்லில் ஒரு லேத் பட்டறையில் இரண்டு சாமான் செய்து வாங்கினாள். ஒன்று, கண்ணாடியை உள்ளே தள்ளி வைத்து அதைச் சுற்றி முன்பக்கம் மட்டும் திறந்த ஒரு நீளக் குழாய்க் கூடு. இன்னொன்று, பெட்டியின் நெற்றியில் திருகி வைக்க வட்டமாக ஒரு பித்தளைத் தகடு. தகடு எதற்கு என்றேன்.

"பொட்டு வைக்கறதுக்குங்கண்ணா."

"பேசாம இங்கே பொட்டு வைக்காதீர்னு ஒரு போர்டு மாட்டலாமே."

"அந்தப் போர்டுக்கும் வைப்பாங்க" என்றாள்.

ரிப்போர்ட்டில் ஒரு புது வரி சேர்ந்தது. ஆயுத பூஜையன்று பெட்டிக்குப் பொட்டு வைக்கப்படும், வைத்தாலும் எண்ணிக்கை தவறக் கூடாது. சோதனை முடிவுகளில், பொய் அறிவிப்பு கூடாது என்ற அவளுடைய பழைய வரிக்கு எதிரே 'தவறியது' என்று எழுதினாள்.

மதிப்பீட்டு நாளில் நான் விடுப்பு எடுத்துக்கொண்டு கடைசி வரிசையில் ஏ.சி.க்கு நேரே போய் உட்கார்ந்தேன். வெளித் தேர்வாளர் ஜெபமலர் மேடம் திருச்சியிலிருந்து வந்திருந்தார். போன வருஷம் இரண்டு பேரைத் திருப்பி அனுப்பியவர் என்று கேள்வி. தேவி பேசி முடிக்கும்வரை அவர் தலை நிமிரவேயில்லை. பக்கங்களைப் புரட்டிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார்.

"இங்க 'தவறியது'ன்னு இருக்கே. நீங்களே எழுதினதா?"

"ஆமாங்க மேடம்."

பூபதி சார் லேசாகக் கனைத்தார். "அது பண்டிகை நாள் மேடம். ஒரு விதிவிலக்கு."

"பண்டிகை வருஷா வருஷம் வருமே சார்" என்றார் ஜெபமலர் மேடம். பிறகு தேவியிடம் திரும்பினார். "பணியாளர்களுக்குச் சரியான பயிற்சி கொடுக்கலை. அதுதானே காரணம்?"

ஆமாம் என்று சொல்லிவிடு தாயே என்று நான் உள்ளுக்குள் ஜெபமே செய்தேன். ஆமாம் என்றால் முடிந்தது.

"இல்லீங்க மேடம். பெட்டிய செஞ்சதும் நானு, பொட்டு வச்சதும் நானு. அதுக்குள்ள எந்த ஒயரு எங்க போகுதுன்னு கண்ண மூடிட்டுச் சொல்லுவேன். அப்படியாப்பட்ட நானே கண்ணாடி மேல வச்சேன். எனக்கு மேல யாருக்குப் பயிற்சி கொடுக்கறதுங்க?"

ஜெபமலர் மேடம் பேனாவை மூடி வைத்தார்.

"இப்ப மாத்தியாச்சுன்னு எழுதியிருக்கீங்க. சரியா இருக்கும்னு எப்படித் தெரியும்?"

"நான் வச்சுப் பாத்தேனுங்க."

"நீங்க வச்சது செல்லாது. எங்க வைக்கணும்னு உங்களுக்குத் தெரியும். தெரியாத ஒருத்தர் வைக்கட்டும். இப்பவே."

தேவி போனை எடுத்தாள். பண்ணைக்கு வீடியோ கால் போனது. கோகுல்ராஜ் போனைப் பிடித்துக்கொண்டார், வாயே திறக்கக் கூடாது என்று அவருக்கு உத்தரவு. அத்தாயக்கா பூஜை முடிந்த மறுநாளே மகளைப் பார்க்கத் தம்மம்பட்டி போய், அன்று காலையில்தான் திரும்பியிருந்தார். கூட்டையும் தகட்டையும் அவர் பார்த்ததே இல்லை. பெரிய திரையில் அவர் முகம் வந்தது. பக்கத்துத் திரையில் முட்டை எண்ணிக்கை ஏறிக்கொண்டிருந்தது.

"அந்தப் பெட்டிக்கு ஒரு பொட்டு வைங்கம்மா" என்றார் ஜெபமலர் மேடம்.

"இன்னிக்கு என்னங்க விசேசம்?"

"பரீட்சைங்கம்மா."

அது போதுமானதாக இருந்தது அவருக்கு. போய்க் கை கழுவி, சந்தனம் குழைத்து, குங்குமச் சிமிழோடு நிதானமாக வந்தார். நாங்கள் அத்தனை பேரும் திரையில் ஒரு விரலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் பெட்டியை மேலும் கீழும் பார்த்தார். விரல் நேராகப் பித்தளைத் தகட்டுக்குப் போனது. சந்தனம், குங்குமம். நான் மூச்சு விட்டேன்.

அவசரப்பட்டுவிட்டேன். அத்தாயக்காவுக்குத் திருப்தி வரவில்லை. "இதென்னுங்க புதுசா மூக்கு" என்று சொல்லிக்கொண்டே கூட்டின் மேல் ஒரு பொட்டு வைத்தார். பிறகு அதற்கு உள்ளேயும் வைக்க விரலை விட்டார். பூபதி சார் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். தேவி மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். விரல் உள்ளே துழாவியது, கண்ணாடி எட்டவில்லை, வெளியே வந்தது. மிச்சச் சந்தனத்தை அவர் ஒயர்க் குழாயில் பூசினார். எண்ணிக்கை ஏறிக்கொண்டேயிருந்தது.

"போதுங்களா?"

ஜெபமலர் மேடம் எண்களையே இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். "போதும்மா" என்றார். பிறகு பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார். "'தவறியது'ன்னு எழுதினதை அப்படியே விடுங்க, அடிக்காதீங்க. அடுத்து படிக்கிறவங்களுக்கு உதவும்" என்று தேவியிடம் ரிப்போர்ட்டைக் கொடுத்தார். தேர்ச்சி என்று எழுதியிருந்தது.

வராந்தாவுக்கு வந்ததும் தேவி சுவரோரம் இருந்த பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கும் கண் கரித்தது, அதை ஏ.சி.யின் மேல் போட்டேன். கொஞ்சம் தணிந்ததும், அத்தனை நாளாக உள்ளே வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"அந்த ஒரு நாளை எடுத்திருந்தா இவ்வளவு பாடு இல்லியே தேவி. பதிவே போயிருந்தா என்ன செஞ்சிருப்ப?"

"பயமாத்தானுங்கண்ணா இருந்துச்சு. நேத்து சோறே எறங்கல." அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஆனா அன்னிக்கு ஒண்ணுமே நடக்கலைன்னு எப்படீங்க எழுதறது? கல்யாணமாகி வந்ததுல இருந்து எத்தன மிஷினுக்குப் பொட்டு வச்சிருக்கேன். எல்லாம் ஊட்டு மிஷினு. இது நாஞ் செஞ்சதுன்னு சொல்லி நான் வச்சது, அந்த ஒரு பொட்டுதானுங்கண்ணா."